இருபது கிலோ ராசிக்கல்

ஈஸ்வரமூர்த்திக்கு வயது நாற்பத்தேழு, நெஞ்சு நாற்பத்தாறு அங்குலம். வயதைக் கேட்டால் யோசித்துச் சொல்வார். நெஞ்சைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார். பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் போகிற ரோட்டை ஒட்டி, மூன்று ஏக்கரில் பந்தல் போட்டுப் பாகலும் புடலையும் விளைவிக்கிற மனிதர். அவருக்கு எதற்கு அப்படியொரு நெஞ்சு என்று கேட்டால் நடுவீட்டில் மாட்டியிருக்கும் போட்டோவைக் காட்டுவார். இருபத்திரண்டு வயதில், உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, ஒரு சின்ன ஜட்டியோடு, பாலக்காட்டு மேடையில் மூன்றாம் பரிசுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் மனைவி செல்வப்பிரியா, "நாலு பேர் வந்து போற எடத்துல எதுக்குங்க இது? ஒரு வேட்டியாச்சும் கட்டிக்கிட்டு எடுத்திருக்கலாமல்லோ" என்று கேட்டாள். அதற்குப் பதிலும் வரவில்லை, போட்டோவும் இறங்கவில்லை.

அந்தப் போட்டோவில் கோப்பையின் மறுபக்கத்தைப் பிடித்திருப்பவன் மோகனசுந்தரம். காய்கறி மண்டிக்காரர் மகன், மூர்த்திக்கு உயிர்ச் சினேகிதன். இவனுக்கு மட்டும் 'அவர்' போட எனக்கு மனசு வரவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

இரண்டு பேரும் ஒரு பழைய ரைஸ்மில் கொட்டகையில் நடந்த ஜிம்மில் ஒன்றாகப் பாடி பில்டிங் பண்ணியவர்கள். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை என்று கசாப்புக்கடையில் கூறு போடுகிற மாதிரி உடம்பைக் கூறு போட்டு, நாளுக்கொரு கூறை வளர்த்தார்கள். கால் பேன்ட்டுக்குள்ளேதானே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள். பெஞ்சில் மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே எடை மாட்டிய இரும்பு பாரைத் தூக்கும்போது தலைமாட்டில் ஒரு ஆள் நிற்க வேண்டும். கை தளர்ந்தால் பார் கழுத்தில் இறங்கிவிடும். மூர்த்திக்கு எப்போதும் தலைமாட்டில் நின்றவன் மோகனசுந்தரம்தான். "நான் நிக்கறேன், நீ தூக்கு மாப்ள" என்பான். ஒருநாள் நூற்றிருபது கிலோ பாதியில் நின்றுபோய், கை வெடவெடவென்று ஆடி, பார் தொண்டைக்குழியிலேயே வந்து உட்கார்ந்தது. மோகனசுந்தரம் ஒரே இழுப்பில் தூக்கி எடுத்தான். இவன் தலைமாட்டில் நிற்கிறவரைக்கும் நமக்கு ஒன்றும் ஆகாது என்று மூர்த்தி அன்றைக்கு முடிவு கட்டினார். ஒருத்தனை நம்ப இதற்கு மேல் என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

அப்பா போனபிறகு மண்டி மோகனசுந்தரத்தின் கைக்கு வந்தது. மூர்த்தியின் காய் அங்கே தவிர வேறெங்கும் போனதில்லை. அப்போது மண்டியில் தொங்குதராசுதான். ஒரு தட்டில் காய், மறு தட்டில் இருபது கிலோ எடைக்கல். கல் என்று பெயரே தவிர, மேலே கைப்பிடி வைத்த கட்டை இரும்பு. அதில் ஒன்றுக்குக் கைப்பிடியில் நீலப் பெயின்ட் அடித்திருக்கும். "அது ராசிக்கல்லு மாப்ள, எங்கப்பன் வெச்சது. காய் வாங்கறதுன்னா அதுலதான் நிறுக்கோணும்" என்பான் மோகனசுந்தரம். விற்பதற்கு வேறு கல். மோதிரத்தில் பதிக்கிற ராசிக்கல் எல்லோருக்கும் தெரியும். இருபது கிலோவில் ராசிக்கல் உண்டு என்று நம்பியவர்கள் எங்கள் பக்கத்து ஆட்களாகத்தான் இருக்கும். ஆயுத பூசைக்கு மூர்த்தியே தன் கையால் அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறார். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

செல்வப்பிரியாவிடம் ஒரு ஸ்பிரிங் தராசு இருந்தது. மூட்டை கட்டியதும் பந்தல் காலிலேயே மாட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றிவிடுவாள். "அறுவத்திநாலு கிலோ போட்டு அனுப்பறனுங்க. அங்க போனா அறுவதுங்கறாங்க. ஒருவாட்டி ரெண்டுவாட்டின்னா செரி, எப்பப் பாத்தாலும் மூட்டைக்கு மூணரை, நாலு கொறையுதுங்க" என்றாள். மூர்த்தி அதை ஒரு வேடிக்கை போல மோகனசுந்தரத்திடமே போய்ச் சொன்னார். அவன் சிரித்தான்.

"உன்ற ஊட்டுக்காரி மாசாமாசம் வேலந்தாவளத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போறாளல்லோ, வெறுங்கையோடயா போவா? மூட்டையப் பிரிச்சு எடுக்கறது, அப்பறம் நாமளா கேக்கறதுக்குள்ள கொறையுதுன்னு முந்திக்கிட்டுச் சொல்றது. பொம்பளைங்க அப்பிடித்தான் மாப்ள. கண்டுக்காத உடு."

விளையாட்டுப் போலச் சொன்ன அந்தப் பேச்சு மூர்த்தியின் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. எடுக்கிறவள் எதற்கு ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்? அந்தச் சின்ன யோசனை நாற்பத்தாறு அங்குல நெஞ்சுக்கு எட்டவில்லை. வீட்டுக்கு வந்தார். "மூட்டையிலிருந்து எத்தன கிலோடி உங்கம்மா ஊட்டுக்குப் போவுது?" என்று கேட்டார். அவள் கையிலிருந்த ஸ்பிரிங் தராசைப் பிடுங்கிக் கிணற்றில் வீசிவிட்டு, என் சினேகிதனைச் சந்தேகப்படுகிறாயா என்று அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் மூட்டையை நிறுத்துப் பார்க்கவில்லை. ஆனால் செல்வப்பிரியா அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று, தன் துணிப்பையைத் தலைகீழாகப் பிடித்து, மூர்த்தியின் கண் முன்னால் இரண்டு உதறு உதறிக் காட்டிவிட்டுத்தான் படியிறங்குவாள். "பாத்துக்கிட்டீங்களா?" என்பாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. டன் கணக்கில் பாகற்காய் விளைகிற வீட்டுப் பெண், வேலந்தாவளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஸ்டாப் பக்கத்துக் கடையில் அம்மாவுக்கு அரைக்கிலோ பாகற்காய் வாங்கிக்கொண்டு போனாள். ஏழு வருஷம்.

போன வருஷம் மூர்த்தியின் வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மண்டிக்கு எலக்ட்ரானிக் தராசு வந்து நாலு வருஷமாகியும், ரைஸ்மில் ஜிம் மூடி இருபது வருஷமாகியும், இவர் மட்டும் மோட்டார் ரூமில் பழைய பாரை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை நெஞ்சை விடவில்லை. கடைசியில் சட்டை மாட்டவே கை மேலே போகாத நிலை வந்தது. பாலக்காட்டில் பிசியோதெரபி பார்க்கிற ஜிஸ்மி என்ற பெண்ணிடம் போனார். அவள் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுகிற பெண். குனியச் சொன்னாள், கை முட்டியைத் தாண்டவில்லை. ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாள், மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"சேட்டனுக்கு மசில் நல்லா உண்டு. பக்ஷே ஒண்ணு இன்னொண்ணோட பேசறதே இல்ல" என்றாள்.

பிறகு அலமாரியிலிருந்து ஓர் இரும்புக் குண்டை எடுத்து வந்து வைத்தாள். பூட்டு மாதிரி, மேலே வளைந்த கைப்பிடி. கெட்டில்பெல் என்றாள். மூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கு இங்கிலீசுல பேர் வேறயா? இது எங்க மண்டி எடைக்கல்லு மாதிரியல்லோ இருக்குது!"

"அதே தான் சேட்டா! பண்டு ரஷ்யாவுல சந்தையில தானியம் நிறுக்கற கல்லுதான் இது" என்று அவளும் சிரித்தாள்.

அவள் விளக்கியது மூர்த்திக்கு முதலில் பிடிக்கவில்லை. பாரை இரண்டு கையும் சேர்ந்து பிடிக்கிறது, ஒரு கை ஓபி அடித்தால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும், கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரியும். இதுவோ ஒற்றைக் கையில் தொங்குகிறது. எடை கைப்பிடிக்கு வெளியே இருப்பதால் இழுத்துக்கொண்டே இருக்கும். இடுப்பு, வயிறு, கால், மூச்சு என்று எல்லாம் சேர்ந்து வேலை செய்தால்தான் நிற்கும். "இதுல கள்ளம் காட்டான் பற்றில்ல, ஏமாத்த முடியாது. வலப்பக்கம் கூடுதலா இருந்தா உடனே உடம்பு சொல்லிடும்" என்றாள். முதலில் ஒரு மாசம் இரண்டு கையிலும் எடையைப் பிடித்துக்கொண்டு சும்மா நடக்க வேண்டும், வீசுவதெல்லாம் அப்புறம். அந்த நடைக்கு ஃபார்மர்ஸ் வாக் என்று பெயராம். "விவசாயி நடையா? அதத்தானே நான் பொறந்ததிலிருந்து நடக்கறேன்" என்றார் மூர்த்தி. எட்டு கிலோவில் ஆரம்பிக்கச் சொன்னாள். மூன்றாம் பரிசு வாங்கியவருக்கு எட்டு கிலோவா! நேரே மண்டிக்கு வண்டியை விட்டார்.

மோகனசுந்தரம் அன்று பொள்ளாச்சிக்குப் போயிருந்தான். லோடுமேன் சங்கையாதான் இருந்தார். ஏலப்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட் மூடியபோது இறங்கி வந்து, பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்த மண்டியிலேயே மூட்டை சுமக்கிறவர். பின்கட்டில் சாக்குக்கடியில் பழைய எடைக்கற்கள் கிடந்தன. மூர்த்தி குனிந்து தேடி, நீலக் கைப்பிடிக் கல்லை முதலில் எடுத்தார்.

சங்கையாவின் முகம் மாறியது. "அத விட்ருங்கண்ணே. வேற நல்ல கல்லா நான் எடுத்துத் தாரேன்."

"போய்யா, இது ராசிக்கல்லு! இத உட்டுட்டு வேறயா எடுப்பாங்க?" என்று இன்னொரு கல்லையும் சேர்த்து டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கட்டினார். சங்கையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

சாயங்காலமே மோகனசுந்தரம் போன் பண்ணினான். "எந்தக் கல்ல மாப்ள எடுத்துட்டுப் போனே?" ராசிக்கல் என்றதும் போனை வைத்துவிட்டான். மறுநாள் காலையில் ஆளே வந்து நின்றான். கோயமுத்தூரிலிருந்து வரவழைத்த இரண்டு புத்தம்புது கெட்டில்பெல், இருபது இருபது கிலோ, பளபளவென்று கறுப்பு ரப்பர் போர்த்தியது. "அந்தத் துருப்புடிச்ச சனியன எதுக்கு மாப்ள தூக்கறே? கைய கிய்ய கிழிச்சுரும். இத வெச்சுக்க, அத நான் கொண்டு போயர்றேன்" என்றான். மூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. புதியதை வாங்கி வைத்துக்கொண்டார், ஆனால் ராசிக்கல்லை விடவில்லை. "அது கையிலிருந்தா எனக்கொரு தெம்பு மாப்ள" என்றார். அவன் போனபிறகு மனைவியைக் கூப்பிட்டு, "பாத்தியா புள்ள, சினேகிதம்னா இது" என்று காட்டினார். செல்வப்பிரியா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தினமும் விடிந்ததும் இரண்டு கையிலும் இரண்டு மண்டிக்கல்லைப் பிடித்துக்கொண்டு பந்தல் ஓரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். முதல் வாரத்தில் மூச்சு வாங்கியது. ஐம்பது அடி நடப்பதற்குள் விரல் கழன்றது. நெஞ்சும் கையும் இத்தனை பெரிதாக இருந்து என்ன, எடையைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டியது கால்தானே. பேன்ட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த காலுக்கு இப்போது பதில் சொல்ல வேண்டி வந்தது. மூன்றாவது வாரம் உடம்பு படிந்தது, தோள் வலிகூடக் குறைந்தது. ஆனால் ஒரு சங்கடம். நேராக நடக்கப் பார்த்தாலும் உடம்பு வலப்பக்கமாகவே சாய்ந்தது. பந்தல் கம்பியில் இரண்டுமுறை போய் இடித்துக்கொண்டார்.

இன்னும் தோள் சரியாகவில்லை போலிருக்கிறது என்று ஜிஸ்மியிடம் போனார். அவள் இரண்டு கையையும் தனித்தனியாக ஒரு கருவியில் அழுத்திப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே போல உண்டு. கைக்குக் குழப்பம் ஒண்ணும் இல்ல. வெயிட்ட நோக்கியோ சேட்டா?" என்றாள்.

"அது எடைக்கல்லும்மா! அத எதுல வெச்சுப் பாக்கறது?" என்று சிரித்துவிட்டு வந்தார். ஆனால் வழியெல்லாம் அந்தப் பேச்சு குடைந்தது. வீட்டுக்கு வந்ததும் கல்லைக் கை மாற்றிப் பிடித்து நடந்தார். இப்போது உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. நீலக் கைப்பிடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

மோட்டார் ரூமிலிருந்து பழைய பாரை எடுத்து வந்தார். நடுவில் கயிறு கட்டி வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டார். பாரில் கை வைப்பதற்கென்று இரண்டு பக்கமும் ஒரே அளவில் கோடு கிழித்திருக்கும். அந்தக் கோட்டில் மோகனசுந்தரம் கொடுத்த புது கெட்டில்பெல்லைப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினார். பார் மட்டமாக நின்றது. ஒன்றை எடுத்துவிட்டுச் சாதாரண மண்டிக்கல்லை மாட்டினார். அப்போதும் மட்டம். அதை எடுத்துவிட்டு ராசிக்கல்லை மாட்டினார். ராசிக்கல் பக்கம் சரக்கென்று கீழே இறங்கி நின்றது. மறுபக்கம் அரைக்கிலோ பிளேட் சேர்த்தார், போதவில்லை. அதை எடுத்துவிட்டு ஒன்றேகால் கிலோ பிளேட்டைக் கோர்த்தார். பார் மெதுவாக ஏறி மட்டத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில், ஒரு கிலோ கூடத் தூக்கிவிட வேண்டும் என்று பாரில் கடைசியாகக் கோர்க்கிற பிளேட் அது. அதை எடுத்துக் கொடுத்தவனும் மோகனசுந்தரம்தான்.

கல்லைக் கவிழ்த்துப் பார்த்தார். மற்றதில் அடியில் ஒரு சின்னக் குழியில் ஈயம் ஊற்றி, அதன்மேல் அரசாங்க முத்திரை குத்தியிருந்தது. இதில் உள்ளங்கை அகலத்துக்குத் தோண்டி ஈயம் ஊற்றியிருந்தது, முத்திரை எதுவும் இல்லை. மூட்டைக்கு மூன்று தடவை இந்தக் கல், தடவைக்கு ஒன்றேகால் கிலோ. அறுபத்திநாலு அறுபதாக ஆனது எப்படி என்று விரல் விட்டு எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை. மூர்த்தி வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவர் நினைத்தது கல்லைப் பற்றி இல்லை. "மூட்டையப் பிரிச்சு எடுக்கறது" என்று சொல்லிச் சிரித்த அந்த வாயைப் பற்றி. திருடியவன் திருட்டை மறைக்கக் கல்லை ஒளிக்கவில்லை, அவர் பெண்டாட்டியைக் காட்டிவிட்டான். அதையும் இவர் நம்பினார்.

மறுநாள் காலை, மண்டியில் கூட்டம் குறைந்த நேரம். மூர்த்தி கல்லைக் கொண்டுபோய் மோகனசுந்தரத்தின் முன்னால் இருந்த எலக்ட்ரானிக் தராசில் வைத்தார். சிவப்பு எழுத்து ஓடி நின்றது. இருபத்தொன்று புள்ளி இருபத்தைந்து. சங்கையா கையிலிருந்த மூட்டைக் கொக்கியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

மோகனசுந்தரம் எழுத்தைப் பார்த்தான், மூர்த்தியைப் பார்த்தான். பொய் சொல்லவில்லை, அதுவரைக்கும் சரி. "எங்கப்பன் வெச்ச கல்லு மாப்ள. அந்தக் காலத்துல எல்லா மண்டியிலயும் இருந்ததுதான். இப்பத்தான் இது வந்துருச்சல்லோ, இன்னும் எதுக்கு அதப் பேசிக்கிட்டு?"

"என்ற காயும் இதுலதானேடா போட்டே?"

"எல்லாத்துக்கும் இதே கல்லுதான். உனக்குன்னு நான் தனியா எதுவும் பண்ணலயே!"

"அதத்தான்டா கேக்கறேன். எனக்குன்னு தனியா நீ எதுவுமே பண்ணலயே!"

மோகனசுந்தரம் கல்லைத் தராசிலிருந்து இறக்கப் போனான். மூர்த்தியின் குரல் உடைந்தது. "கல்லு கெடக்குது போ. என்ற ஊட்டுக்காரி எடுக்கறான்னு சொன்னியே, அது எந்தக் கல்லுல நிறுத்துச் சொன்னே? தலமாட்டுல நீ நிக்கறேன்னு நம்பித்தானேடா படுத்தேன். எங்கழுத்துல பாரப் போட்டிருந்தா ஒரேயடியாப் போயிருப்பேன். அவ கழுத்துல போட்டுட்டியேடா!"

"நான் அத ஒரு வெளையாட்டுக்கு..." என்று ஆரம்பித்தான். மூர்த்தி கேட்க நிற்கவில்லை. புது கெட்டில்பெல் இரண்டையும் வண்டியிலிருந்து இறக்கி மண்டி வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினார். எங்கள் பக்கம் மலையாளத்தில் இப்படி முதுகில் குத்துவதைப் பணி கொடுப்பது என்பார்கள். இருபத்தைந்து வருஷச் சினேகிதன் கொடுத்த பணி அது.

வீட்டில் அன்று மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. செல்வப்பிரியா வேலந்தாவளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மூர்த்தி வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். வேப்பமரம், பார், ஒன்றேகால் கிலோ பிளேட், ஈயம், சிவப்பு எழுத்து, ஒன்று விடாமல் சொன்னார். "தப்புப் பண்ணிப்போட்டேன் புள்ள. நீ சொன்னது அத்தனையும் நெசம்" என்றார். சொல்லும்போது அந்த நாற்பத்தாறு அங்குலம் குலுங்கியது.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்பக் கல்லு சொல்லுச்சுங்களா?" என்றாள்.

"ஆமா."

"நான் சொன்னப்ப நம்புலீங்களே."

மூர்த்தி ஓடிப்போய்ப் பந்தலில் நல்ல பிஞ்சாக நாலைந்து கிலோ பாகற்காய் பறித்து வந்தார். வாசல் திண்டில் வைத்திருந்த அவள் துணிப்பையில் அடுக்கினார். மேலே இரண்டு புடலையையும் வளைத்து வைத்தார். "அத்தைக்குக் குடு" என்றார்.

செல்வப்பிரியா பையைக் கையில் வாங்கினாள். அதன் கனத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு காயாக வெளியே எடுத்துத் திண்டின்மேல் வரிசையாக வைத்தாள். ஒன்றுகூட மிச்சமில்லை என்று ஆனதும் பையைத் தலைகீழாகப் பிடித்து, அவர் கண் முன்னால் இரண்டு உதறு உதறினாள்.

"பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பத்தரை மணி பஸ்ஸுக்குப் படியிறங்கிப் போனாள்.